உன் நிறுவனத்துக்கு நான் எழுதிய மனு

ஆம்பூர்,
14-10-2025

அன்பு மகள் ஜாஸ்மினுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் உன் அண்ணன் ஆல்வினும் இங்கே இருக்கிறோம், அங்கே நீயும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருப்பாய் என்று நினைக்கிறேன். நலம் என்று முதல் வரியில் எழுதும்படி அம்மா பக்கத்தில் நின்று சொன்னாள், இல்லாததை எழுதி எனக்குப் பழக்கமில்லை, இருக்கிறோம் என்பது உண்மை, அதை மட்டும் எழுதியிருக்கிறேன். இனிமேல் போன் பண்ணாதே என்று நீ சொன்ன நாளிலிருந்து இன்றோடு நூற்றுப் பதினோரு நாள் ஆகிறது, நான் பண்ணவில்லை. நீ அம்மாவுடன் பேசும்போது வாசலுக்குப் போய் நின்றுகொள்கிறேன், பேசி முடித்ததும் அவள் கதவைத் திறந்து விடுவாள். கடிதம் எழுதக் கூடாது என்று நீ சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். இந்த உறைக்குள் இரண்டு தாள்கள் தனியாக இருக்கின்றன, இருபத்தெட்டாம் தேதி கூடும் உன் கமிட்டிக்கு வேண்டியவை. அவற்றை எடுத்துக்கொண்டு இதைத் தூரப் போட்டுவிடாதே, இதை முதலில் படி.

வீட்டுச் செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, இருப்பதும் நல்லதாக இல்லை. அமெரிக்காக்காரன் வரியை ஏற்றிய பிறகு ஆல்வினின் ஷூ கம்பெனியில் வாரத்துக்கு நான்கு நாள்தான் வேலை. அவன் லைனில் அறுபது பேர் இருந்தார்கள், இப்போது முப்பத்தைந்து. நிறுத்தப்பட்டவர்கள் எல்லாரும் பெண்கள், சூப்பர்வைசர் என்பதால் அந்தப் பட்டியலை இவன்தான் நின்று வாசிக்க வேண்டியிருந்தது, அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டான். நம் தெருவிலேயே அதில் நான்கு பேர் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டு வழியாகப் போகாமல் சுற்றிப் போகிறான். பாலாற்றில் போன வாரம் இரண்டு நாள் தண்ணீர் வந்தது, பாலத்தின் மேல் நின்று பார்த்தேன், நுரைதான் ஜாஸ்தி. அம்மாவுக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்ய வேலூரில் நாள் கொடுத்தார்கள், நீ வந்த பிறகுதான் என்று பிடிவாதமாகத் தள்ளிவிட்டாள். பக்கத்து வீட்டு மஹ்பூபி உன்னைக் கேட்காத நாளில்லை. இன்னா ஹெலன், நிலாவுக்கு ராக்கெட்டே போய் எறங்கிடுச்சு, உன் பொண்ணு படிப்பு மட்டும் முடியமாட்டேங்குதே என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிரிக்கிறாள். அவளுக்கு விஷயம் தெரியாது, அம்மாவும் கூடச் சிரித்து வைக்கிறாள். உள்ளே வந்த பிறகு அம்மா என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நடந்ததை நான் பார்த்தபடி எழுதுகிறேன், நீ பார்த்தது வேறாக இருக்கும். ஜூன் மாதம் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து அம்மா உனக்குப் போன் போட்டாள். மீன் கழுவிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். இரண்டு வருஷ வேலையைத் திரும்பவும் முதலிலிருந்து செய்யணும்மா என்று சொன்ன நீ, அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாய். பத்தாம் வகுப்பில் கை எலும்பு உடைந்தபோது டாக்டர் இழுத்துக் கட்டினார், அப்போதுகூட நீ அழவில்லை. இந்த டிசம்பரோடு உனக்கு ஐந்து வருடம் நிறைகிறது, உதவித்தொகையும் நிற்கிறது. முதல் இரண்டு வருடம் இளநிலை உதவித்தொகை, அடுத்த மூன்று வருடம் முதுநிலை உதவித்தொகை, அதற்கு மேல் ஒரு வருடம் வேண்டும் என்றால் கைடு சிபாரிசு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஏனென்றால் அந்த அறிவிப்பைக் கண்டுபிடித்ததே நான். வானியற்பியலிலும் விண்வெளி அறிவியலிலும் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்கலாம் என்று உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செய்தி வந்திருந்தது, நூலகத்தில் வெட்டக் கூடாது என்பதால் கடையில் அதே பேப்பரைத் தேடி வாங்கி வெட்டி உன் புத்தகத்துக்குள் வைத்தேன். ஆயிரம் பேருக்கு மேல் எழுதிய தேர்வு அது, நேர்முகத்துக்குக் கூப்பிட்டது அறுபது பேரை, எடுத்தது ஏழு பேரை. கொரோனா வருடம் ஆனதால் நேர்முகம் லேப்டாப்பில்தான் நடந்தது. ஆல்வின் கம்பெனியிலிருந்து ஒன்றை இரவல் வாங்கி வந்தான், நீ உள்ளறையில் உட்கார்ந்தாய், மஹ்பூபியிடம் ஒரு மணி நேரத்துக்கு மிக்ஸி போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு நான் தெருமுனையில் நின்று தோல் ஏற்றி வந்த வண்டிகளை ஹாரன் அடிக்காமல் அனுப்பினேன். அந்த ஏழு பேரில் ஒருத்தி ஐந்து வருடம் கழித்து அழுகிறாள் என்றால் எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

அம்மா உனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் பேனாவை எடுத்துவிட்டேன். ஷூ கம்பெனியில் இதற்கு ரீவொர்க் என்று பெயர். சரியில்லை என்று சூப்பர்வைசர் திருப்பிப் போட்ட ஜோடியை ஷிப்டு முடிந்த பிறகு உட்கார்ந்து பிரித்துத் தைக்க வேண்டும், அந்த நேரம் யார் கணக்கிலும் சேராது. யூனியனில் நாங்கள் எடுத்த முதல் சண்டையே அதுதான். உன் அழுகையில் எனக்குக் கேட்டதும் அதுதான், அதனால் உன் கைடு அம்மா எனக்கு ஒரு லைன் சூப்பர்வைசராகத்தான் தெரிந்தார். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான், அகராதியை வைத்துக்கொண்டு கற்ற ஆங்கிலத்தில் நான்கு பக்கம் எழுதினேன். ஒன்று, ஐந்தாம் வருடத்தில் வேலையைத் திருப்பிப் போட்டு என் மகளின் காலத்தை வீணாக்குகிறார். இரண்டு, வெளிவந்த கட்டுரையில் நாற்பத்து மூன்று பெயர்கள் இருக்கின்றன, உழைத்த என் மகளின் பெயர் பதினெட்டாவதாக இருக்கிறது. மூன்று, ஆளைப் பிடித்து வைத்து வேலை வாங்குவதற்காகவே பட்டத்தைத் தள்ளிப்போடுகிறார். நான்கு, ஆராய்ச்சி செய்யும் ஒரு பிள்ளையின் ஆறாம் வருடம் ஒரே ஒரு ஆளின் கையெழுத்தில் தொங்கக் கூடாது. வழக்கம்போல இயக்குநருக்கு அசல், அமைச்சகத்துக்கும் நம் எம்.பி.க்கும் நகல், மூன்றும் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு. முப்பது வருடமாக நான் மனு எழுதும் முறை இதுதான், நகல் போகாத மனுவை யாரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. தபால் ஆபீசிலிருந்து திரும்பி வரும்போது மனம் லேசாக இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அம்மாவிடம் சொன்னபோது, பொண்ணு அழுதா எதுக்கு அழுவுறன்னு கேக்கணும், உங்களுக்கு யார் மேல எழுதலாம்னுதான் தோணுது என்றாள். பயந்த பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் உன் நிறுவனம் விசாரணைக் கமிட்டி போட்டது. இந்த ஊரில் நான் எழுதிய எந்த மனுவுக்கும் அவ்வளவு சீக்கிரம் அசைவு வந்ததில்லை, முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு ஜூன் இருபத்தைந்தாம் தேதி நீ போன் பண்ணினாய். என் மேல் புகார் இருக்கும்போது நான் வழிகாட்டியாக இருப்பது முறையில்லை என்று கைடு அம்மா எழுதிக் கொடுத்து விலகிவிட்டார், அப்பா புகார் கொடுத்த பிள்ளையை வேறு யாரும் எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை, நீட்டிப்புக் காகிதத்தில் கையெழுத்துப் போட ஆளே இல்லாமல் போய்விட்டது. நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அப்பா, அழுதது நான். இன்னாத்துக்கு அழுதேன்னு ஒரு வார்த்தை என்னைக் கேட்டியா? எனக்கு இனிமே போன் பண்ணாத. நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாய். அன்றைக்கு எனக்கு வந்தது கோபம்தான். நல்லது செய்யப் போய் இந்தப் பேச்சு கேட்க வேண்டியிருக்கிறதே என்று நாலைந்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை, அதை உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன், அவளுக்கும் சொல்லும் எண்ணம் இருக்கவில்லை.

செப்டம்பர் ஏழாம் தேதி ஆல்வின் ஒரு தாளைக் கொண்டு வந்தான். நீ மெயிலில் அனுப்பிய வாபஸ் வாசகம், ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்திருந்தான். புகாரில் கண்ட விவரங்கள் தவறானவை, மகளைப் பிரிந்திருக்கும் மனக்குழப்பத்தில் எழுதினேன், முழுவதையும் திரும்பப் பெறுகிறேன் என்று ஆங்கிலத்தில் ஐந்து வரி. ஒரு கையெழுத்துதாம்பா, ஜாஸ்மினுக்கு அது போதுமாம் என்றான். போட மாட்டேன் என்றேன். மறுநாளும் கேட்டான், அதற்கடுத்த ஞாயிறும் கேட்டான், பிறகு தாளை என் மேசை மேல் வைத்துவிட்டுக் கேட்பதையே நிறுத்திவிட்டான். அம்மா அந்த மேசையைத் துடைக்கும்போதெல்லாம் தாளை எடுத்துத் துடைத்துவிட்டு அதே இடத்தில் திரும்ப வைத்தாள். ஐந்து வாரம் அது அங்கேயே கிடந்தது. ஏன் போடவில்லை என்று நீ ஆல்வினிடம் கேட்டாயாம், எனக்குக் கௌரவம்தான் பெரிது என்றும் சொன்னாயாம். கௌரவம் எனக்குச் சாப்பாடு போட்டதில்லை, அது எனக்குத் தெரியும். காரணத்தை எழுதுகிறேன், உனக்கு அப்போது நான்கு வயது, முழுதாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தோல் தொழிற்சாலையில் தோலைச் சீவும் ஷேவிங் மிஷினில் என்னோடு நின்றவன் சாமுவேல். ஒரு சனிக்கிழமை கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டது என்று அவனை இறக்கினார்கள், முகத்துக்கு எதுவும் கொடுக்கவில்லை, விஷவாயுவில் இரண்டு நிமிடத்தில் போய்விட்டான். குடித்துவிட்டு அவனாகவே இறங்கினான் என்று நிர்வாகத்தில் எழுதி என்னிடம் சாட்சிக் கையெழுத்து கேட்டார்கள். நடந்ததை எழுதி நான் மனு போட்டேன். மனக்குழப்பத்துல எழுதிட்டேன்னு ஒரே ஒரு வரி குடு ரத்தினம், நாளைக்கே மிஷின்ல நில்லு என்று மேனேஜர் என் தோளில் கை போட்டுச் சொன்னார். நான் கொடுக்கவில்லை, வேலை போனது, ஏழு வருடம் வேலூர்க் கோர்ட்டுக்கு நடந்தேன், ஜெயித்தேன். அந்த ஏழு வருடமும் அம்மா வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோலைக் கையால் தைத்து உங்கள் இருவரையும் வளர்த்தாள். அவள் கண் எதனால் கெட்டது என்று டாக்டர் ஆயிரம் காரணம் சொல்லலாம். தீர்ப்பு வந்த அன்றைக்கு நான் மிட்டாய் வாங்கி வந்தேன், நீங்க ஜெயிச்சீங்க, நான் தச்சேன் என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த ஜோடியை எடுத்தாள். நீ அனுப்பிய ஐந்து வரியில் அதே மனக்குழப்பம் என்ற சொல் இருந்தது. உனக்குத் தெரியாமல்தான் போட்டாய், கமிட்டியில் யாரோ சொல்லிக் கொடுத்த வாசகமாகவும் இருக்கும். ஆனால் என் கை அதன்கீழ் போகவில்லை.

நேற்று முன்தினம் ஞாயிற்றுக்கிழமை குடியாத்தம் நந்தகோபால் வந்திருந்தார். கோர்ட்டுக்குப் போய் வந்த காலத்தில் பஸ்ஸில் பழக்கமானவர், லுங்கித் தறி நடத்துகிறார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். தீபாவளி வேலையை விட்டுவிட்டு மகள் நித்யஸ்ரீயையும் அழைத்துக்கொண்டு வந்தார். அந்தப் பெண் வேலூரில் இயற்பியலில் எம்.எஸ்சி. கடைசி வருடம் படிக்கிறாள், உன்னைப் போல நட்சத்திர ஆராய்ச்சிக்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டுமாம், அனுப்பலாமா கூடாதா என்று என்னிடம் கேட்க வந்திருந்தார். தறிச் சத்தத்துலயே படிச்சவ, எங்க போனாலும் தூங்கிடுவா, அந்தக் கவல இல்ல, போற எடம் எப்பிடின்னு நீதான் சொல்லணும் என்றார். நான் சொன்னேன். வேண்டாம், அனுப்பாதே, ஐந்து வருடம் சக்கையாகப் பிழிவார்கள், கடைசியில் செய்ததையே திரும்பச் செய் என்பார்கள், கேட்டால் ஆளே இல்லை என்பார்கள், என் மகளைப் பார், போதாதா என்றேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் கேட்டாள். பிறகு மெதுவாக, அங்கிள், நான் போன வாரம் ஜாஸ்மின் அக்காகிட்ட போன்ல ஒரு மணி நேரம் பேசினேன், அக்கா என்னை வரத்தான் சொன்னாங்க என்றாள்.

எனக்கு முதலில் பட்டது என்ன என்று ஒளிக்காமல் சொல்கிறேன், என்னிடம் நூறு நாள் பேசாதவள் முன்பின் தெரியாத பெண்ணிடம் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறாளே என்றுதான் பட்டது. அதற்குப் பிறகு அவள் சொன்னதை நான் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். நீ கணக்கெடுக்கும் பல்சர் நட்சத்திரங்களிலிருந்து துடிப்பு வந்து சேரும் நேரத்தை ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குவரை பார்க்க வேண்டும், அதற்குத் தொலைநோக்கியின் கடிகாரத்துக்கு ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும், அந்தத் திருத்தம் இரண்டு வருடக் கணக்கில் இரண்டு முறை சேர்ந்துபோயிருந்தது. அந்தத் தப்பை அக்காவேதான் கண்டுபுடிச்சாங்க அங்கிள், வேற யாருக்கும் தெரியாது. அவங்க கைடு, முடிவு பெருசா மாறாது, ஒரு குறிப்பு எழுதிட்டு ஆய்வேட்டைக் குடுத்துடலாம்னாங்களாம். அக்காதான் முடியாதுன்னாங்களாம். தப்புன்னு தெரிஞ்ச கணக்குக்குக் கீழ என் பேர் இருக்கக் கூடாதுன்னு சொன்னாங்களாம். கைடு அதுக்கு அப்புறம்தான் ஒரு வருஷம் நீட்டிப்புக்கு எழுத ஆரம்பிச்சாங்களாம். கட்டுரையில் பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் வருமாம், பதினெட்டு என்பது உன் எழுத்துக்குக் கிடைத்த இடமாம், அதையும் அவள்தான் சொன்னாள். மனு போன நாளையும் நீட்டிப்புக் காகிதம் நின்ற நாளையும் அவள் சொல்லவில்லை, அதை நானே கூட்டிப் பார்த்துக்கொண்டேன். சமையலறையில் அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தியிருந்தாள். நான் அந்தப் பெண்ணிடம் தேர்வு எந்த மாதம், விண்ணப்பம் எப்போது திறக்கும் என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன், அனுப்பு என்று நந்தகோபாலிடம் சொன்னேன். அஞ்சு நிமிஷத்துக்கு முன்ன வேணாம்னியேப்பா என்று அவர் சிரித்தார். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். அந்த வாக்கியத்தை நான் வாயால் சொல்லி அம்மா கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

முதல் வருடம் லீவில் வந்திருந்தபோது, செத்துப்போன நட்சத்திரம்தான் இப்படித் துடித்துக்கொண்டே இருக்கிறது என்று நீ சொன்னாய், செத்தது எப்படித் துடிக்கும் என்று நான் இரண்டு நாள் உன்னோடு சண்டை போட்டேன். நீ ஊருக்குப் போன பிறகு நூலகத்தில் மூன்று மாதம் படித்துவிட்டு, நீ சொன்னது சரி என்று ஒரு கார்டு போட்டேன். படித்தால் எனக்குப் புரியும், புரிந்தால் ஒத்துக்கொள்வேன், அது உனக்குத் தெரியும். அப்படிப்பட்டவனிடம் நீயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று எனக்கு இப்போதும் வருத்தம் இருக்கிறது. சொல்வதற்கு நான் இடம் கொடுக்கவில்லை என்கிறாள் அம்மா, அழுகை நிற்பதற்குள் நான் உறை ஒட்டிவிட்டேனாம். இருக்கலாம். இரண்டு நாளாக ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். தப்பான காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் நின்றதைப் போலத்தான் நீயும் நின்றிருக்கிறாய், அதற்கு விலையாக இரண்டு வருடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அழுதிருக்கிறாய், அப்படி நின்ற என் மகளை நானே போய் இடித்துத் தள்ளியிருக்கிறேன். சாமுவேல் விஷயத்தில் நான் கண்ணால் பார்த்ததை எழுதினேன். உன் விஷயத்தில் சமையலறைப் போனில் கேட்ட அழுகையை வைத்து எழுதினேன். இரண்டையும் ஒன்று என்று எண்ணிக்கொண்டதுதான் நான் செய்தது.

இப்போது அந்த இரண்டு தாள்கள். ஒன்று நானே எழுதியது. என் புகாரின் முதல் மூன்று பகுதிகள் உண்மையல்ல, விசாரிக்காமல் எழுதினேன், என் மகளைக் கேட்காமல் அவள் சார்பில் எழுதினேன், அவற்றால் அந்தப் பேராசிரியருக்கு நேர்ந்த அவமானத்துக்கு நானே பொறுப்பு, திரும்பப் பெறுகிறேன் என்று எழுதியிருக்கிறேன். நான்காவதைத் திரும்பப் பெறவில்லை. ஒரு கையெழுத்து இல்லாமல் போனதால் ஒரு பிள்ளையின் ஐந்து வருட உழைப்பு நான்கு மாதமாக அந்தரத்தில் நிற்கிறது, அதை நிறுத்தியவன் நான்தான், ஆனாலும் நிறுத்த முடிகிறது என்பதே தப்பு, அதை யார் கேட்டாலும் சொல்வேன். ஒரு வரி மிச்சம் இருந்தாலும் கமிட்டி ஃபைலை மூடாது என்று நீ ஆல்வினிடம் சொன்னதாகச் சொன்னான். அதனால் இரண்டாவது தாள், நீ அனுப்பிய அதே ஐந்து வரி, ஒரு எழுத்தும் மாற்றவில்லை, அந்தச் சொல்லும் அப்படியே இருக்கிறது. அதிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நேற்றுக் காலையில் போட்டேன், ஆல்வின் சாட்சி போட்டான், பேனாவை மூடி என் பையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனான். கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், என்னுடையதுதான், சந்தேகம் என்று யாராவது கேட்டால் பழைய மனுவோடு ஒத்துப் பார்க்கச் சொல். எது உன் காரியத்துக்கு ஆகுமோ அதைக் கொடு, மற்றதைக் கிழித்துவிடு. எதைக் கொடுத்தாய் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். அம்மாவிடமும் சொல்லாதே, அவள் முகத்தைப் பார்த்து நான் கண்டுபிடித்துவிடுவேன்.

இதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. விலகிய கைடு அம்மா திரும்ப வருவாரா, நீட்டிப்பு டிசம்பருக்குள் கிடைக்குமா, எனக்குத் தெரியாது. மனு போடுவது சுலபம், எடுப்பது எப்படி என்று நான் கற்றுக்கொள்ளவே இல்லை. கிடைக்காமல் போனால் வீட்டுக்கு வா, வந்த பிறகு என்னோடு பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கைடு அம்மாவிடம் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்றால் அதற்கும் தயாராக இருக்கிறேன், இரண்டு நாள் ரயில் எனக்குப் பெரிதில்லை, ஆனால் நீ கூப்பிட்டால்தான் வருவேன். இதைப் பதிவுத் தபாலில் அனுப்பலாம் என்று காலையில் விசாரிக்கப் போனேன், இந்த மாதத்திலிருந்து அந்தப் பெயரே கிடையாதாம், எல்லாம் ஸ்பீடு போஸ்ட்தானாம், கவுண்டரில் இருந்த பெண் எனக்காக வருத்தப்பட்டாள். தீபாவளி லீவு நடுவில் வருகிறது, அதற்கு முன் வந்து சேர வேண்டும் என்பதால்தான் இன்றைக்கே முடிக்கிறேன். குளிர் ஆரம்பித்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னாயாம், காதை மூடிக்கொண்டு போ, வேளைக்குச் சாப்பிடு, கணக்கை மட்டும் அவசரப்பட்டு முடிக்காதே. கர்த்தர் உன்னோடு இருப்பார் என்று அம்மா எழுதச் சொல்கிறாள், இதில் எனக்கும் அவளுக்கும் சண்டை இல்லை, எழுதிவிட்டேன். என் ஆசீர்வாதம் உனக்கு வேண்டுமோ வேண்டாமோ, அது உன் தலைமேல்தான் இருக்கிறது.

எந்தத் தாளைக் கொடுத்தாலும் கடைசி நாள் வரைக்கும் வைத்திருக்காதே, இருபத்தேழாம் தேதியே கொடுத்துவிடு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் அந்த அறையை விட்டு வெளியே வராதே.

உன் அப்பா,
தா. ரத்தினசாமி